விசித்திரசித்தன் பெயர் புழங்கிய வழி

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில் மண்டகப்பட்டு. ஊரை ஒட்டிய சிறு பாறையில் ஒரு குடைவரை. முகப்பில் இரண்டு தூண், ஓரங்களில் இரண்டு அரைத்தூண், இரு கோடியிலும் வாயிற்காவலர். உள்ளே மூன்று கருவறை, மூன்றும் காலி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதச் செய்யுள் வெட்டியிருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் பிரமன், ஈசன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் எடுப்பித்தது இது என்பதுதான் அதன் சேதி.

அம்மி கொத்திப் பிழைத்தவர் என் அப்பா. இதை அவரிடம் சொன்னபோது, "உலோகம் இல்லாமலா? அப்போ உளியை எதுல செஞ்சானாம்?" என்றார். நியாயமான கேள்வி. கருங்கல்லில் கொஞ்ச நேரம் கொத்தினாலே உளி முனை மழுங்கிவிடும். உலையில் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்து மறுபடி கூர் ஏற்ற வேண்டும். கல் வேலையில் பாதி நேரம் உளி வேலைதான். மண்டகப்பட்டுப் பாறைக்குப் பக்கத்திலும் ஒரு கொல்லன் உலை ஓயாமல் எரிந்திருக்கும். அவனைப் பற்றிக் கல்வெட்டில் பேச்சே இல்லை. ராஜாக்கள் கல்வெட்டு அப்படித்தான்.

அரசன் பெருமைப்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதுவரை இந்தப் பக்கத்தில் தெய்வத்துக்குக் கட்டிய வீடெல்லாம் செங்கல்லும் மரமும் சுதையும். கல் நட்டது செத்தவர்களுக்கு. செங்கம் பக்கத்து நடுகற்கள் சிலவற்றில் இதே மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டு இருக்கிறது. பாதாமியில் சாளுக்கியர் அவனுக்கு முன்பே குடைந்துவிட்டார்கள் என்றாலும் அது மணற்கல், உளிக்கு இளகிக் கொடுக்கும். கருங்கல்லை மசிய வைத்த முறை மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட மண்டபங்களில் இன்றும் தெரிகிறது. பாறை முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கோட்டின் வழியே பள்ளம் இறக்கி, நடுவில் நிற்கும் கட்டைகளைத் தட்டிப் பெயர்த்திருக்கிறார்கள். பெயர்த்த இடத்தில் மறுபடி கோடு, மறுபடி பள்ளம். அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கைப்பழக்கம் ஊர் ஊராகப் போயிற்று. பக்கத்திலேயே தளவானூர், வடக்கே சீயமங்கலம், மாமண்டூர், மகேந்திரவாடி, பல்லாவரம், தெற்கே திருச்சி மலைக்கோட்டை. தூணைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும்: மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. கூடவே அரசனின் பட்டப்பெயர்களும் போயின. தளவானூரில் அவன் சத்ருமல்லன். மகேந்திரவாடியில் குணபரன். சீயமங்கலத்தில் கோயிலுக்கு அவனிபாஜன பல்லவேசுவரம் என்று பெயர். திருச்சியில் லளிதாங்குர பல்லவேசுவர கிருகம். காசு போல அடித்துப் புழக்கத்தில் விட்ட பெயர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே குடைவித்தவன் அரசனே இல்லை, அவனுக்கு அடங்கிய சிற்றரசன் மகன் கந்தசேனன். அவனும் தன் பெயரைச் சொல்லுமுன் பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்ருமல்லன், குணபரன் என்று எஜமானனின் பட்டங்களை வரிசையாகத் தமிழில் வெட்டிவிட்டுத்தான் தன் விஷயத்துக்கு வருகிறான்.

இப்படிப் புழங்காமல் போயிருந்தால் மண்டகப்பட்டுக் கோயில் யாருடையது என்றே தெரிந்திருக்காது. அதன் கல்வெட்டில் பல்லவன் என்ற சொல் இல்லை, மகேந்திரன் என்ற பெயரும் இல்லை. பிற்காலத்தில் தர்காவாகிவிட்ட பல்லாவரம் குடைவரையின் பட்டப்பெயர் வரிசையில் மகேந்திரவிக்கிரமனோடு விசித்திரசித்தனும் வருவதால்தான் ஆள் பிடிபட்டான். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் இந்தப் பக்கத்துப் பாறைகளைத் தேடித் திரிந்து பல்லவர்களைப் பற்றி எழுதினார். கோபிநாத ராவ் மண்டகப்பட்டுக் கல்வெட்டை எபிகிராபியா இண்டிகாவின் 17-ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

இன்னொரு பட்டப்பெயர் இவற்றையெல்லாம்விடத் தூரம் போனது. மத்தவிலாசன் என்பதும் அவனுக்குப் பெயர். அதையே தலைப்பாக்கி ஒரு சமஸ்கிருத அங்கத நாடகம் எழுதினான். மாமண்டூர்க் கல்வெட்டு அதைக் குறிப்பிடுகிறது. காஞ்சிபுரத்துக் காபாலிகன் ஒருவனின் கபாலப் பாத்திரம் காணாமல் போகிறது. அவன் ஒரு பௌத்தத் துறவி மேல் பழி போட்டு வம்புக்கு இழுக்கிறான். எடுத்துக்கொண்டு ஓடியது ஒரு நாய். இந்தக் காஞ்சிபுரக் கூத்தைக் கேரளத்துச் சாக்கியார் என்னும் கூத்தர்கள் கோயில்களில் ஆடி வந்தார்கள். கணபதி சாஸ்திரி 1917-இல் திருவனந்தபுரத்தில் அதை அச்சேற்றினார். தொடக்கத்திலேயே சூத்திரதாரன் வந்து, ஆசிரியர் பல்லவ குலத்துச் சிம்மவிஷ்ணுவின் மகன் என்று குலமும் தகப்பன் பெயரும் சொல்லிவிடுகிறான்.