படத்தின் வகை காட்டும் எட்டு எண்கள்

ஜிஃப் வகைப் படக்கோப்பு ஒன்றுக்கு ஜேபெக் வகைக்குரிய பெயரைச் சூட்டிப் பாருங்கள். பெரும்பாலான கணிப்பொறிகள் அப்படத்தைச் சரியாகவே காட்டும். எவ்வாறு? பெயரை நம்பாமல் கோப்பின் தொடக்க எண்களை நிரல் படித்துப் பார்ப்பதே காரணம்.

இவ்வழக்கம் பழமையானது. பெல் ஆய்வுக்கூடத்து யூனிக்ஸில் 1973-லேயே கோப்பின் வகையைக் கூறும் கட்டளை இருந்தது. அன்றைய பி.டி.பி-11 கணிப்பொறியில் இயங்கு நிரலின் முதற்சொல் எட்டடிமான முறையில் 407 ஆகும். அது உண்மையில் தலைப்பைத் தாண்டிச் செல்லுமாறு கூறும் ஆணை. நாளடைவில் அதுவே அடையாளமாயிற்று. 'மாய எண்' என்ற பெயரும் நிலைத்தது.

படக்கோப்புகளும் இவ்வழியையே பின்பற்றின. கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட ஜிஃப், 71, 73, 70 என்று தொடங்கும். இவை ஆங்கில ஜி, ஐ, எஃப் எழுத்துகளின் எண்களாகும். ஜேபெக் 255, 216 என்று தொடங்கும்.

1994 டிசம்பரில் ஒரு சிக்கல் எழுந்தது. ஜிஃப் கையாண்ட சுருக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்த யூனிசிஸ் நிறுவனம், மென்பொருள் ஆக்குவோரிடம் உரிமக் கட்டணம் கோரியது. கட்டணமற்ற மாற்று வேண்டும் என்று 1995 ஜனவரியில் தாமஸ் பௌடெல் ஒரு வரைவை முன்வைத்தார். பலர் கூடி உழைத்ததன் பயனாக 1996-இல் பி.என்.ஜி. தரம் வெளிவந்தது.

அதன் முதல் எட்டு எண்கள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இவை அடையாளம் மட்டுமல்ல, பழுதைக் காட்டும் கருவியுமாகும். 7 பிட்டுகளை மட்டுமே கடத்தும் தடத்தில் 137 என்பது 9 ஆகிவிடும். அடுத்த மூன்றும் பி, என், ஜி எழுத்துகள். 13, 10 என்பன வரிமுடிவுக் குறிகள். கோப்பை வெறும் எழுத்துரை என்று கருதி வரிமுடிவை மாற்றும் நிரல் குறுக்கிட்டால் இவ்விணை சிதையும். எம்.எஸ்-டாஸில் கோப்பைத் திரையில் கொட்டினால் 26 அதனை நிறுத்தும். இறுதியிலுள்ள 10, எதிர்த்திசை மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இத்தனை எச்சரிக்கை ஏன்? சுருக்கிய படத்தில் ஒரு பைட்டு மாறினாலும் எஞ்சியது குலையக்கூடும். அன்று கோப்புகள் வரிமுடிவை வெவ்வேறு விதமாய் எழுதும் பொறிகளுக்கிடையே சென்றுவந்தன.

எட்டும் பொருந்தினால் வகை தெரியும். ஆயினும் படம் முழுவதும் பழுதற்றது என்று கொள்ளலாகாது. அதற்கெனப் பி.என்.ஜி. கோப்பின் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தனிச் சரிபார்ப்பு எண் உண்டு.

அமெரிக்காவில் அக்காப்புரிமை 2003-இல் முடிவுற்றது. பூசலுக்குக் காரணம் மறைந்துவிட்டது. அதில் பிறந்த எட்டு எண்களோ ஒவ்வொரு பி.என்.ஜி. படத்தின் தொடக்கத்திலும் இன்றும் நிற்கின்றன.