விடுமுறை விமானம், ஆனால் யாருடைய விடுமுறை?

ஆரணியில் கல்யாணம் என்றால் வண்டி பேசுவார்கள். வேலூர் போகிற ரூட் பஸ் வேறு, பேசி வைத்த வண்டி வேறு. ரூட் பஸ் காலியாக இருந்தாலும் நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டும். பேசிய வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் முழு வண்டிக்கும் காசு கொடுத்துவிடுகிறார்கள், ஆட்களை நிரப்புவது அவர்கள் பாடு. வண்டி நிரம்பிவிட்டால் தலைக்கு ஆகும் செலவு ரூட் பஸ்ஸை விடக் குறைவாகக்கூட இருக்கும். சார்ட்டர் விமானம் என்பது இவ்வளவுதான். வண்டிக்குப் பதில் விமானம், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் ஒரு சுற்றுலா கம்பெனி.

நம் நாட்டிலும் இப்படிப் பேசி ஓட்டுவதற்கென்றே 1971-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் ஏர் இந்தியா சார்ட்டர்ஸ் லிமிடெட். கேள்விப்பட்டதில்லை என்கிறீர்களா? கண்டிப்பாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள், வேறு பெயரில். அந்தப் பெயர் பின்னால் வருகிறது.

முதலில் இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். 1950. லண்டனில் விளாடிமிர் ரைட்ஸ் என்று ஒருவர். ரஷ்யாவில் பிறந்தவர், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஒரு டி.சி.-3 விமானத்தை வாடகைக்குப் பேசி, பிரான்சைச் சேர்ந்த கார்சிகா தீவில் கால்வி என்ற கடற்கரை ஊருக்கு ஆட்களைக் கூட்டிப்போனார். போக வர விமானம், தங்கக் கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் போக வெறும் விமான டிக்கெட்டே இதைவிட அதிகம். இங்கிலாந்தில் அப்போது இறைச்சிக்கு ரேஷன். கால்வியில் தினம் இரண்டு வேளை இறைச்சி போடுவோம் என்பதுதான் அவர் விளம்பரத்தின் பெரிய கவர்ச்சி! அரசாங்கம் சும்மா விடவில்லை. மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டும்தான் ஏற்றலாம் என்று நிபந்தனை போட்டது. அரசு விமான கம்பெனியின் வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே.

இந்த பயம்தான் அடுத்த இருபது வருடக் கதை. உலகம் முழுக்க டிக்கெட் விலையை விமான கம்பெனிகள் கூடிப் பேசி நிர்ணயிப்பார்கள். அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. ஒரே ஒரு ஓட்டை இருந்தது. ஏதாவது ஒரு சங்கத்தில் ஆறு மாதத்துக்கு மேல் உறுப்பினராக இருப்பவர்கள் சேர்ந்து ஒரு விமானத்தைப் பேசிக்கொள்ளலாம். விடுவார்களா? திடீரென்று லண்டனில் சங்கங்கள் முளைத்தன. பின்தேதியிட்ட உறுப்பினர் அட்டைகள் விற்றன. 1971-ல் லண்டனுக்குப் பக்கத்தில் கேட்விக் விமான நிலையத்தில், இடதுகைக்காரர்கள் சங்கம் என்ற பெயரில் லேக்கர் கம்பெனி விமானத்தில் ஏற வந்தவர்களை அதிகாரிகள் தனித்தனியாக விசாரித்துப் பலரை இறக்கிவிட்டார்கள். அந்த எரிச்சலில்தான் கம்பெனி முதலாளி ஃப்ரெடி லேக்கர், சங்கமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஏறட்டும் என்று 'ஸ்கைட்ரெயின்' திட்டம் போட்டார். அதற்கு அனுமதி வாங்கி விமானம் பறக்க 1977 ஆகிவிட்டது. 1982-ல் கம்பெனி திவால்.

இந்தப் போலிச் சங்கங்களில் சேர்ந்தவர்கள் எல்லாம் கடற்கரைக்குப் போனவர்கள் இல்லை. இங்கிலாந்தில் ஆலைகளில் வேலை பார்த்த இந்தியர்களும் பாகிஸ்தானியரும்கூட ஊருக்கு வர இதே வழியைப் பிடித்தார்கள். அவர்களுக்கு விடுமுறை என்றால் அம்மாவைப் பார்ப்பது, தங்கச்சிக்குக் கல்யாணம் செய்வது. ஏர் இந்தியாவின் முழுக் கட்டண டிக்கெட் எடுக்க வேண்டிய பயணிகள் சார்ட்டர் பக்கம் போகும்போது, நாமும் ஒரு சார்ட்டர் கம்பெனி வைத்துக்கொள்வோம் என்று தோன்றுவது இயல்புதான். அப்படி 1971-ல் பிறந்ததுதான் ஏர் இந்தியா சார்ட்டர்ஸ். அப்போது தாய்க் கம்பெனியின் தலைவர் ஜே.ஆர்.டி. டாடா. 1932-ல் அவர் தொடங்கிய தபால் விமானத்தின் கடைசி நிறுத்தம் நம் சென்னைதான் என்பதையும் இங்கே செருகிவிடுகிறேன்.

சார்ட்டர் தொழிலில் அந்தக் குழந்தை பெரிதாக வளரவில்லை. சங்க விதியே சில வருடங்களில் மாறிப்போனது. கம்பெனி பெயர்ப்பலகையோடு இருந்தது. பிற்பாடு வெள்ளைக்காரர்கள் குளிர்காலத்தில் கோவாவுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தபோதும் அவர்களைக் கொண்டுவந்து இறக்கியது பெரும்பாலும் அவர்கள் நாட்டு சார்ட்டர் கம்பெனிகள்தான்.

இனிமேல்தான் கதை சூடு பிடிக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் கேரளாவில் பெரிய பிரச்சினை வளைகுடா டிக்கெட் விலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் லீவில் ஊருக்கு வந்து போக, மாதக்கணக்கான சம்பளம் போய்விடும். ஓணம், ரம்ஜான் சமயத்தில் சொல்லவே வேண்டாம். அதே சமயம் ஏர் டெக்கான் உள்நாட்டில் மலிவு டிக்கெட் விற்றுக் கலக்கிக்கொண்டிருந்தது. அவர்கள் துபாய்க்கும் போகலாமே என்றால், முடியாது. வெளிநாடு பறக்க ஐந்து வருட அனுபவமும் 20 விமானங்களும் வேண்டும் என்று 2004-ல் விதி போட்டிருந்தார்கள். அது போதாதென்று வளைகுடாப் பாதைகளைச் சில வருடங்களுக்கு அரசு கம்பெனிகளுக்கே ஒதுக்கிவிட்டார்கள். தனியாருக்கு அந்தக் கதவு திறந்தது 2008-ல்தான்.

அப்போது தேவைப்பட்டது, தாய்க் கம்பெனியின் பெயரைக் கெடுக்காமல் மலிவாக ஓட்ட ஒரு தனிக் கம்பெனி. புதிதாக ஏன் பதிய வேண்டும்? பழைய சார்ட்டர்ஸ் கம்பெனி இருக்கிறதே! அதைத் தூசி தட்டி எடுத்து, வாடகைக்கு எடுத்த மூன்று போயிங் 737-800 விமானங்களோடு, 2005 ஏப்ரல் 29 அன்று திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குப் பறக்க விட்டார்கள். விமானத்தின் மேல் எழுதியிருந்த பெயர் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். காகிதத்தில் இருந்த பெயர் ஏர் இந்தியா சார்ட்டர்ஸ். பிறகு சொந்தமாக 18 விமானங்கள் வாங்கினார்கள். பிசினஸ் கிளாஸ் கிடையாது, எல்லாம் ஒரே வகுப்பு, 180-க்கும் மேல் இருக்கைகள்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஐரோப்பாவில் சார்ட்டர் என்பது குளிரில் இருப்பவனை வெயிலுக்குக் கொண்டுபோக வந்தது. நம்முடையது வெயிலில் வேலை செய்கிறவனை வீட்டுக்குக் கொண்டுவரும் வேலைக்கு வந்து சேர்ந்தது. அங்கே விடுமுறை முடிந்தால் வீடு. இங்கே விடுமுறை முடிந்தால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். திருச்சி விமான நிலைய வாசலில் அழுகிற குடும்பங்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் திருச்சியிலிருந்து இந்த கம்பெனி ஓட்டிய விமானங்கள் டெல்டா மாவட்ட ஆட்களுக்கு ரூட் பஸ் மாதிரி.

மலிவு டிக்கெட் என்பதால் இவர்களைப் பற்றிக் கேலி நிறைய உண்டு. தாமதம், ரத்து, சாப்பாடு என்று. அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத நாட்களும் உண்டு. 2010 மே 22. துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானத்தில் 166 பேர். கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி தூங்கியிருக்கிறார், குறட்டைச் சத்தம் ஒலிப்பதிவில் இருந்தது. 8,000 அடி ஓடுபாதையில் 5,000 அடியைத் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. இறங்க வேண்டாம், திரும்ப மேலே எழும்புவோம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை. மலை உச்சியை வெட்டிச் செய்த ஓடுபாதை, அதைத் தாண்டினால் பள்ளம். 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். விசாரணை அறிக்கையில் விமானத்தை இயக்கியவர் யார் என்ற இடத்தில் இருந்த பெயர், ஏர் இந்தியா சார்ட்டர்ஸ் லிமிடெட்.

2018 அக்டோபரில் திருச்சியில் நடந்தது இன்னும் விநோதம். 136 பேரோடு துபாய்க்குக் கிளம்பிய விமானம், ஓடுபாதைக் கோடியில் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே ஏறியது. அப்படியே பறந்துகொண்டிருந்ததைத் திருப்பிச் சில மணி நேரம் கழித்து மும்பையில் இறக்கினார்கள். அடிப்பாகம் கிழிந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடிந்த சுவரின் படத்தைப் பார்த்தால் அதை நம்ப முடியாது.

2020-ல் கொரோனா வந்து சர்வதேச விமானங்கள் எல்லாம் நின்றுபோனபோது, 49 வயதான இந்த கம்பெனி தன் பழைய வேலையைச் செய்தது: அட்டவணை இல்லாத விமானம். வந்தே பாரத் திட்டத்தில் மே 7 அன்று வெளிநாட்டிலிருந்து ஆட்களை முதலில் கொண்டுவந்தவை இவர்களுடைய இரண்டு விமானங்கள். அபுதாபியிலிருந்து கொச்சிக்கு ஒன்று, துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கு ஒன்று. வேலை போனவர்கள், கர்ப்பிணிகள், விசா முடிந்தவர்கள். சரியாக மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 7 இரவு, அதே துபாய்–கோழிக்கோடு பாதையில் வந்த ஒரு விமானம் மழையில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. விமானிகள் இருவரையும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள். கொண்டோட்டி ஊர் மக்கள் கொரோனா பயத்தையும் பார்க்காமல் மழையில் ஓடிப்போய் ஆட்களை வெளியே தூக்கினார்கள்.

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியாவோடு சேர்ந்து இதுவும் டாடா குழுமத்துக்குக் கைமாறியது. 2024 அக்டோபரில், ஏர் ஏசியா இந்தியாவாக இருந்த கம்பெனியையும் இதோடு இணைத்துவிட்டார்கள். இப்போது உள்நாட்டிலும் நிறையப் பறக்கிறது.

இடையில் 2023 அக்டோபரில் புது வண்ணம் அறிவித்தார்கள். ஒவ்வொரு விமானத்தின் வாலிலும் ஒரு ஊர் துணி வேலைப்பாடு. பாந்தனி, பட்டோலா, கலம்காரி, அப்புறம் நம் பக்கத்துக் காஞ்சிபுரம். ஆரணிப் பட்டுக்கும் தனியாகப் புவிசார் குறியீடு உண்டு என்பது டாடாவின் ஆட்களுக்குத் தெரியுமோ என்னவோ. காஞ்சிபுரம் கடையில் வாங்குகிற புடவை எந்த ஊர்த் தறியில் நெய்தது என்று எங்கள் ஊரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். வாலிலாவது நம் ஜரிகைக் கரை ஏறியிருக்கிறதே என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான், பெயர் அவர்களுடையதாக இருந்தாலும்.