உழைப்பாளர் கட்சி: இரண்டு ஆண்டு வாழ்வு

1952 ஜனவரி. நெய்வேலியில் சுரங்கம் வெட்ட ஆரம்பிக்கவில்லை. நிலக்கரி நிறுவனம் பிறக்கவே இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் கரும்பும் மல்லாட்டையும்தான் பிழைப்பு. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் இந்தத் தென்னாற்காட்டு மண்ணுக்கு வந்தபோது, காங்கிரசுக்கு எதிரே நின்றது உள்ளூரிலேயே முளைத்த ஒரு கட்சி: தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி.

கட்சியின் தலைவர் கடலூர் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சி. காங்கிரசில் தங்களுக்கு உரிய இடம் இல்லை என்ற மனத்தாங்கல் வன்னியர்களிடம் ஏற்கெனவே இருந்தது. 1949 மாவட்டக் கழகத் தேர்தலில் வன்னியகுல சத்திரியர் சங்கம் 52 இடங்களில் 22-ஐப் பிடித்தது. அந்த வெற்றி தந்த தெம்புதான் கட்சியானது. வடக்கே வடாற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் எம்.ஏ.மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி தனியாக நின்றது. 1952 தேர்தலில் போட்டியிடாத தி.மு.க., இரு கட்சிகளின் வேட்பாளர்களுக்கும் ஆதரவு தந்தது.

அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி. முத்திரை குத்துவதெல்லாம் கிடையாது. பெட்டியில் ஒட்டிய சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டால் போதும். கடலூர் மக்களவைத் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். பொது இடத்தில் உழைப்பாளர் கட்சியின் கோவிந்தசாமி கச்சிராயரும், தாழ்த்தப்பட்டோருக்கான இடத்தில் காங்கிரசின் எல்.இளையபெருமாளும் வென்றார்கள். ஒரே தொகுதி, இரு கட்சிகள்!

மக்களவையில் உழைப்பாளர் கட்சிக்கு 4 இடம், காமன்வீலுக்கு 3. சென்னைச் சட்டமன்றத்தில் 19, 6. டெல்லியில் 489-ல் 364 பிடித்த காங்கிரசுக்குச் சென்னையில் 375-க்கு 152தான் தேறியது. கம்யூனிஸ்டுகளுக்கு 62. எதிர்க்கட்சிகள் டி.பிரகாசம் தலைமையில் திரண்டு ஆட்சியமைக்க உரிமை கோரின. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அழைத்ததோ, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை. மேலவைக்கு நியமனமாகி முதல்வரானார் அவர்.

பெரும்பான்மைக்கு ஆள் சேர்க்கும் வேலை தொடங்கியது. மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜியின் அமைச்சரவையில் சேர்ந்தார். ஜூலை 3 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு 200, எதிராக 151. 1954-ல் காமராசர் முதல்வரானதும் படையாட்சியும் அமைச்சரானார். உள்ளாட்சித் துறை அவருக்கு. உழைப்பாளர் கட்சி காங்கிரசில் கரைந்தது.

கேட்ட இடம் கிடைத்துவிட்டதே என்று சிலர் சொல்லலாம். கிடைத்தது தலைவர்களுக்கு நாற்காலி. காங்கிரசை எதிர்த்துச் சீட்டுப் போட்ட தென்னாற்காட்டு உழவர்களைக் கேட்காமலேயே அவர்களுடைய வாக்கு காங்கிரசின் கணக்கில் சேர்ந்துவிட்டது. தேர்தலுக்குப் பிந்திய கூட்டணி பேரத்துக்குத் தமிழகம் கொடுத்த முதல் விலை இது.

அடுத்த வாரம்: 1957-ல் தி.மு.க. முதன்முதலாகக் களமிறங்கி 15 இடங்களை வென்ற கதை.

(தொடரும்)