பெலடாசெப்ட்

சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின், பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கச் சிரை வழியே ஏற்றப்படும் மருந்து. வணிகப் பெயர் நியூலோஜிக்ஸ். அமெரிக்காவில் 2011 ஜூனில் ஒப்புதல் பெற்றது.

அந்நிய உறுப்பைத் தாக்க, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களுக்கு இரண்டு சைகைகள் தேவை. முதலாவது, அந்நியப் பொருளை அடையாளம் காட்டுவது. இரண்டாவது, தாக்குதலுக்கு இசைவு தருவது. பெலடாசெப்ட் சிடி80, சிடி86 புரதங்களைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை மறித்துவிடுகிறது. செல் செயலற்றுப் போகிறது.

சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற வழக்கமான மருந்துகள் காக்கவேண்டிய சிறுநீரகத்தையே நாளடைவில் கெடுக்கக்கூடியவை. பெலடாசெப்டின் தேவை அங்கிருந்தே பிறந்தது. சைக்ளோஸ்போரினுடன் ஒப்பிட்ட ‘பெனிஃபிட்’ ஆய்வில், ஏழாண்டு முடிவில் மரணமோ உறுப்பிழப்போ நேரும் அபாயம் 43 விழுக்காடு குறைந்திருந்தது. முதலாண்டில் திடீர் நிராகரிப்பு மட்டும் கூடுதல்.

அளவு, தொடக்கத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். 16ஆம் வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்கொரு முறை கிலோவுக்கு 5 மில்லிகிராம், அரை மணி நேரத்தில் ஏற்றப்படும். மருந்துப் பொடியைக் கரைக்கச் சிலிக்கான் பூச்சில்லாத சிரிஞ்சுதான் வேண்டும். சாதாரண சிரிஞ்சில் கரைசல் துணுக்குத் துணுக்காகத் திரண்டுவிடும்.

எப்ஸ்டைன்-பார் வைரஸுக்கு எதிர்ப்பொருள் இல்லாதவர்களுக்கு இது கூடாது; அவர்களுக்கு நிணநீர்ச் செல் புற்றுநோய், குறிப்பாக மூளையில், வரும் அபாயம் மிகுதி.