திருவனந்தபுரத்துக் குதிரைகளும் போட்டிக்களம் புகுந்த பெண்ணும்

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலுக்குத் தென்கிழக்கே நிற்கும் புத்தன் மாளிகையின் கூரையடித் தாங்கிகளில் 122 மரக்குதிரைகள் செதுக்கப்பட்டிருப்பதால் மக்கள் அதனைக் குதிரை மாளிகை என்றே அழைக்கின்றனர். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் கட்டுவித்த இம்மாளிகையில் அத்தனை குதிரைகள் அணிவகுத்து நின்றாலும், உயிருள்ள குதிரை அந்நாட்டு மக்களுக்கு எந்நாளும் அரிய காட்சியாகவே இருந்தது. ஆறுகளும் காயல்களும் குறுக்கிடும் நிலமும், மாதக்கணக்கில் பெய்யும் மழையும், பரந்த மேய்ச்சல் வெளி இன்மையும் குதிரை வளர்ப்புக்கு இடந்தரவில்லை. பயணத்துக்கு வள்ளமும் பல்லக்கும், பாரத்துக்கு யானையும் மாட்டுவண்டியும் போதுமானவையாக இருந்தன.

தென்னாட்டு அரசர்களுக்கு வேண்டிய குதிரைகள் அரபு நாடுகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கடல்வழியே வந்தன. பாண்டிய நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கியதையும், லாடம் அடிக்கவும் நோய் தீர்க்கவும் தெரிந்தவர்கள் இல்லாததால் அவற்றுட் பெரும்பாலானவை விரைவில் மடிந்ததையும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைகளைக் கண்ட மார்க்கோ போலோ பதிவுசெய்துள்ளார். பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்டு, வளர்க்கப்படாமல் தீர்ந்துபோகும் உடைமையாக இருந்த ஒரு விலங்கு, ஊராரின் வீட்டுப் புறங்கடைக்கு வந்து சேர வழியே இல்லை. அரசனுடைய படையிலும் கோயிலின் வாகனத்திலுமே அது தங்கியது.

திருவனந்தபுரத்தில் இந்த நிலை இன்றும் கண்கூடாகத் தெரிகிறது. நவராத்திரியை முன்னிட்டுப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் இந்நகருக்கு எழுந்தருளுவது குமரி மாவட்டத் தமிழர் நன்கறிந்த வழக்கம். விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக்குதிரையில் பூசப்புரைக்குச் செல்கிறார். பத்மநாபசுவாமி கோயில் மூர்த்திகள் சங்குமுகக் கடலில் நீராடச் செல்லும் ஆறாட்டு ஊர்வலத்தில் குதிரைப் போலீசார் உடன் செல்கின்றனர். மரத்திலும் வெள்ளியிலும் சீருடையிலுமாக எங்கும் குதிரை ஆட்சியின் சின்னமாகவே விளங்குகிறது.

இத்தகைய நாட்டில் பெண்கள் குதிரையேறிப் பழகவில்லை; அதற்குப் பெண்ணின் தாழ்நிலை ஒன்றையே காரணமாகக் கூறுவது திருவிதாங்கூரைப் பொறுத்தவரை பொருந்தாது. சுவாதித் திருநாளுக்கு முன் அவருடைய தாய் கௌரி லட்சுமி பாயியும், பின்னர் சிற்றன்னை கௌரி பார்வதி பாயியுமாக 1810 முதல் 1829 வரை பெண்களே இந்நாட்டை ஆண்டனர். மருமக்கள் தாயம் எனப்படும், தாய்வழியே உரிமை இறங்கும் முறை அரச குடும்பத்திலும் வழங்கியது. அரியணைக்கு அருகே பெண்ணுக்கு இடமிருந்தது. ஆனால் ஊர்ச்சிறுமி ஒருத்தி விளையாட்டாகத் தொட்டுப் பழகுவதற்குக் குதிரை இருக்கவில்லை.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே நாட்டுப்புறத்து நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் பொருளாக மட்டக்குதிரை இருந்ததால், சிறுமியையும் அவளுடைய குதிரையையும் பற்றிய இளையோர் நாவல்கள் 1930களில் ஒரு தனி வகையாகவே தழைத்தன. எனிட் பாக்னால்டு 1935இல் எழுதிய ‘நேஷனல் வெல்வெட்’ அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. இறைச்சிக் கடைக்காரரின் மகளான பதினான்கு வயது வெல்வெட் பிரௌன், குலுக்கலில் கிடைத்த குதிரையைப் பழக்கி, கிராண்ட் நேஷனல் என்னும் தடைதாண்டும் பந்தயத்தில் ஆண்வேடத்தில் ஓடி வெல்கிறாள். அவ்வெற்றி செல்லாமற் போகிறது. 1944இல் வந்த திரைப்படத்தில் வெல்வெட்டாக நடித்தவர் எலிசபெத் டெய்லர். ஆண்வேடம் கதையின் சுவைக்காக மட்டும் புனையப்பட்டதன்று. அக்காலத்து விதி அப்படிப்பட்டது. அப்பந்தயத்தில் முதன்முதலாக ஒரு பெண், சார்லட் புரூ, ஓடியது 1977இல்தான்; பெண்ணொருவர், ரேச்சல் பிளாக்மோர், வென்றது 2021இல். நாவலாசிரியை கண்ட கனவு மெய்ப்பட 86 ஆண்டுகள் பிடித்தன.

ஒலிம்பிக்கிலும் கதவு மெல்லத்தான் திறந்தது. நெடுங்காலம் படையதிகாரிகளின் களமாக இருந்த குதிரையேற்றத்தில், குதிரையின் நடையழகையும் கட்டுப்பாட்டையும் மதிப்பிடும் டிரெசாஜ் பிரிவு 1952இல் பெண்களுக்குத் திறக்கப்பட்டது. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் வலுவிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் அவ்வாண்டே வெள்ளிப் பதக்கம் பெற்றார். அன்று முதல் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சமமாக மோதும் மிகச் சில ஒலிம்பிக் விளையாட்டுகளில் ஒன்றாக இது வளர்ந்தது. 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் இந்திய டிரெசாஜ் அணி தங்கம் வென்றபோது அதன் நால்வரில் இருவர், சுதிப்தி ஹஜேலாவும் திவ்யகிருதி சிங்கும், பெண்களே.

கேரளத்துக்கு இக்களம் திறந்தது அரண்மனை வழியாகவன்று, வளைகுடா வழியாக. குதிரை வந்த அதே கடலைக் கடந்து பிழைப்புக்குச் சென்ற மலையாளிகளின் பிள்ளைகளுக்கு, அரபு நாட்டு லாயங்கள் பள்ளிக்கூடம்போல் எட்டும் தூரத்தில் அமைந்தன. மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் அவ்வாறே ஐக்கிய அரபு அமீரகத்தில் குதிரையேற்றம் பயின்றவர். அவர் தேர்ந்த நெடுந்தொலைவுப் போட்டியில் விரைவு மட்டும் போதாது. தொலைவு பல சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர்கள் குதிரையின் நாடித்துடிப்பையும் நடையையும் நீரிழப்பையும் சோதிக்கின்றனர். தேறாத குதிரை அங்கேயே நிறுத்தப்படுகிறது. மார்க்கோ போலோ இக்கரையில் இல்லையென்று குறித்த பேணும் அறிவே இங்கே வெற்றியைத் தீர்மானிக்கிறது. 2023 செப்டம்பரில் பிரான்சின் காஸ்டெல்சக்ராவில் நடந்த இளையோர் உலகப் போட்டியில், எப்சிலான் சாலு என்னும் குதிரையுடன் 120 கிலோமீட்டரை நிறைவுசெய்து, அதனைச் சாதித்த முதல் இந்தியராக அவர் ஆனார். மறு ஆண்டே, அதே நாட்டின் மோன்பாசியேயில் மூத்தோருக்கான 160 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார்.