பியர் ஆற்றுக் கழிமுகத்தின் நன்னீர்ச் சிகிச்சை: வெட்மோர் அறிக்கைக்கு ஒரு மறுவாசிப்பு

காட்டு வாத்துகளின் பொட்டுலிசம் பற்றி எழுதுவோர் அலெக்சாண்டர் வெட்மோரைப் பிழைபட்ட முன்னோடியாக ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். யூட்டாவின் பெரிய உப்பு ஏரியை ஒட்டிய சதுப்புகளில் 1910 முதல் கொத்துக்கொத்தாக மடிந்த வாத்துகளைக் கொன்றவை கால்சியம், மெக்னீசியம் குளோரைடு உப்புகளே என்று 1918 அறிக்கையில் அவர் முடிவுகட்டினார். 1934இல் கால்ம்பாக்கும் குண்டர்சனும் அது சி வகைப் பொட்டுலின நச்சு என நிறுவியதும் உப்புக் கொள்கை கைவிடப்பட்டது. நோய்க்காரணத்தைப் பொறுத்தவரை அது நியாயமே. ஆனால் அந்த அறிக்கையின் மிகச் சிறந்த அவதானிப்பும் கூடவே கைவிடப்பட்டது. அதைத்தான் மீட்க வேண்டும் என்கிறேன்.

பியர் ஆற்றுக் கழிமுகத்தில் செயலிழந்து கிடந்த ஊசிவால் வாத்துகளையும் கிளுவைகளையும் வெட்மோர் எடுத்துவந்து கூண்டில் வைத்து நன்னீர் கொடுத்தார். பெரும்பாலானவை தேறின. உப்பு கழுவப்பட்டதால் தேறின என்று அவர் கொண்டார். ஆனால் கூண்டில் பறவை மூழ்காது, நச்சேறிய புழுக்களை மேலும் தின்னாது, ஆகவே பிழைத்தது; நன்னீருக்குத் தனிப்பங்கு இல்லை என்பது பின்வந்தோர் வாசிப்பு.

இந்த வாசிப்பில் உண்மை உண்டு. நோயுற்ற வாத்து முதலில் பறக்க முடியாமல் சிறகுகளைத் துடுப்புபோல அடித்து நீரில் நகரும். பிறகு கால்கள் ஓய்கின்றன. மூன்றாம் இமை அசைவற்றுப் போகிறது. கடைசியில் கழுத்து துவண்டு அலகு தண்ணீருக்குள் சரிகிறது. மூச்சுத்தசைகள் நிற்கும் முன்பே பல பறவைகள் மூழ்கிச் சாகின்றன.

ஆனால் நச்சு தாக்குவது தசைகளை இயக்கும் நரம்புமுனைகளை மட்டுமா? அதன் கன இழை நரம்புமுனையைப் பற்றிக்கொள்ள, இலகு இழை உள்ளே புகுந்து துத்தநாகம் ஏந்திய நொதியாக வேலை செய்கிறது. சி வகையில் அது சின்டாக்சின், ஸ்னாப்-25 என்ற நரம்புமுனைப் புரதங்களை வெட்டுகிறது. அசிட்டைல்கோலின் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு இணைய முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகின்றன. நரம்பு சாவதில்லை, அதன் செய்திதான் நின்றுபோகிறது. அசிட்டைல்கோலினை நம்பியிருக்கும் பிற உறுப்புகளுக்கும் இதே கதிதான். வாத்தின் கண்ணுக்கு மேலுள்ள உப்புச் சுரப்பி அவற்றில் ஒன்று. கடற்பறவைகளில் அதன் பணியை ஷ்மிட்-நீல்சன் 1950களின் இறுதியில்தான் விளக்கினார். வெட்மோர் அதை அறிந்திருக்க வழியே இல்லை. பொட்டுலின நச்சு இச்சுரப்பியை முடக்குவதையும், உவர்நீரில் வாழும் வாத்துக்கு அதனால் ஆபத்து கூடுவதையும் 1964இல் கூச் காட்டினார்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு 1918 அறிக்கையைப் படித்தால் அதன் தொனியே மாறுகிறது. நரம்புமுனைக்குள் புகுந்துவிட்ட நொதியை நன்னீர் தொடவே தொடாது. உப்பை வெளியேற்ற வழியற்ற உடலுக்குள் மேலும் உப்பு சேராமல் தடுத்து, நரம்புமுனைகள் மீளும்வரை பறவையை அது உயிரோடு வைத்திருக்கிறது. பறவைகளின் உடலில் வெட்மோர் கண்ட உப்பு நோயைத் தொடங்கிவைத்ததன்று, முடித்துவைத்தது. இறப்புகளில் எத்தனை பங்கு உப்பினால், எத்தனை பங்கு மூழ்கியதால் என்று அறிக்கையை வைத்துப் பிரிக்க இயலாது. எனினும் உப்பின் பங்கு பூஜ்யம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நன்னீர் ஏரிகளிலும் இந்நோய் வெடிக்கிறதே என்பார்கள். அது நச்சு எங்கே உருவாகிறது என்பதற்கான விடை; நச்சுண்ட பறவை எதனால் சாகிறது என்பது வேறு கேள்வி. ஆரோக்கியமான வாத்துகளுக்கு உப்புகளைக் கொடுத்தே வெட்மோர் ஒத்த அறிகுறிகளை வரவழைத்தார் என்பதும் என் வாதத்துக்கு ஊறு செய்யாது: சுரப்பியின் திறனை மீறிய உப்பு, அது முடங்கிய நிலையை ஒத்ததே.

தேறிய வாத்துகள் பலவற்றின் காலில் வளையமிட்டு அவர் பறக்கவிட்டார். அவற்றில் சில பின்னர் கலிஃபோர்னியா வரை போய் வேட்டைக்காரர் கையில் சிக்கின. அந்தப் பதிவுகள் 1923இல் தனி அறிக்கையாக வந்தன. கழுத்தைத் தூக்க முடியாமல் சேற்றில் கிடந்த பறவைகள் அவை.