சமைக்காத உணவு முறை

அடுப்பில் ஏற்றாத பழம், காய்கறி, கீரை, கொட்டை, முளைகட்டிய தானியம் ஆகியவற்றையே முழு உணவாகவோ உணவின் பெரும்பகுதியாகவோ உண்பது சமைக்காத உணவு முறை. தமிழ்நாட்டில் இதற்கு ‘இயற்கை உணவு’ என்ற பெயரே பழக்கம். ஊறவைத்த அவலும் வெல்லமும் இங்கே இதில் சேர்த்தி. நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்தால்தான் அவல், கரும்புச்சாறு கொப்பரையில் கொதித்தால்தான் வெல்லம் என்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

வரலாறு

காந்தி இதை இருமுறை முயன்றார். 1893இல் பிரிட்டோரியாவில் தொடங்கிய சோதனை இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. 1929இல் முளைகட்டிய கோதுமை, தேங்காய், பச்சைக் காய்கறி, தேன் என்று மீண்டும் தொடங்கினார். சீதபேதி வந்து, ஆட்டுப்பாலுக்கே திரும்பினார். தோற்றதையும் மறைக்காமல் ‘யங் இந்தியா’வில் எழுதினார். தமிழகத்தில், ஆழ்வார்குறிச்சியை அடுத்த சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமம் தேங்காயையும் வாழைப்பழத்தையும் முன்னிறுத்தி இம்முறையைப் பரப்பியது.

நன்மைகள்

வேகவைக்கும்போது வைட்டமின் சியும் ஃபோலேட்டும் குறைகின்றன. வடித்துக் கொட்டும் நீரோடும் போகின்றன. பச்சையாக உண்டால் அந்த இழப்பு இல்லை. நார்ச்சத்து கூடும், உப்பும் எண்ணெயும் குறையும், உடல் எடை இறங்கும். ஜெர்மனியில் நெடுநாள் பச்சை உணவு உண்டவர்களை ஆராய்ந்தபோது, அவர்களின் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைவாக இருந்தது.

தீமைகள்

அதே ஆய்வில் நல்ல கொழுப்பும் குறைந்திருந்தது. பலருக்கு வைட்டமின் பி12 போதவில்லை. 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் தவறியது அல்லது அடியோடு நின்றது. எடை அளவுக்கு மீறி இறங்கியதே காரணம்.

தக்காளியின் லைகோபீன், கேரட்டின் பீட்டா கரோட்டின் போன்றவை வேகவைத்தால்தான் உடலில் நன்கு சேரும். முளைகட்டிய பயறுக்கு வேறோர் ஆபத்து: முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் ஏற்றவை. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ. கோலை தொற்றில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நாமக்கல் சமவெளியில்

எது பச்சையாகத் தின்னத் தக்கது, எது தகாதது என்பதற்குக் கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய எருமப்பட்டி வட்டாரத்தின் விளைபொருள்களே நல்ல சான்று. மலையிலிருந்து இறங்கும் வாழைப்பழம், அன்னாசி, பலாச்சுளை ஆகியவற்றுக்கு அடுப்பே வேண்டாம். காட்டில் விளையும் சின்ன வெங்காயம் பழைய சோற்றுக்குப் பச்சையாகவே கடித்துக்கொள்ளப்படுகிறது.

முட்டையின் கதை வேறு. நாடெங்கும் முட்டை அனுப்பும் மாவட்டம் நாமக்கல். வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது தமிழ் வீடுகளில் நெடுநாள் வழக்கம். ஆனால் 1998இல் வெளியான பெல்ஜிய ஆய்வில், வெந்த முட்டையின் புரதம் சுமார் 90 விழுக்காடு செரித்தது. பச்சை முட்டையில் செரித்தது ஏறத்தாழ பாதிதான். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போடும். சால்மோனெல்லா கிருமியும் இருக்கலாம்.

மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தின்னவே கூடாது. அதிலுள்ள லினமரின், கிழங்கு நறுக்கப்படும்போதோ மெல்லப்படும்போதோ சிதைந்து சயனைடை வெளிவிடும். தோலுரித்து, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, நீரை வடித்தால் நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். ஜவ்வரிசி ஆலையில் கிழங்கை அரைத்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, நீரை இறுத்து, பின்பு சூட்டில் வறுப்பதிலும் இதே வேலை நடக்கிறது.

தழையிலும் அந்த நஞ்சு உண்டு. கிழங்கு பிடுங்கும் காட்டுப் பக்கம் ஆட்டை ஓட்டிப்போகிறவர்கள் கவனமாக இருப்பார்கள்: பச்சைத் தழையை வயிறு முட்டத் தின்ற ஆடு மூச்சுத் திணறி விழுந்துவிடும். கால்நடை மருத்துவர் சோடியம் தயோசல்பேட் ஊசியோடு வந்துசேர்வதற்குள் உயிர் போவதும் உண்டு.